ஜோடியா சம்மர்ல கப்பல் பயணம்: குரோஷியாவா, நார்வேயா?

ரெண்டுமே கடலோரமா ஊர் ஊரா நின்னு போற ரூட் தான், ரெண்டுக்கும் ஷெங்கன் விசா தான் (ஒரே விசால பல ஐரோப்பிய நாடு போகலாமே, அது), குரோஷியாவும் 2023 ஜனவரில ஷெங்கன்ல சேர்ந்து யூரோவுக்கும் மாறிடுச்சு. ஆனா ஊர்ல கப்பல் எவ்ளோ நேரம் நிக்குதுங்கறதுல ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல. புருஷன் பொண்டாட்டியா போறவங்க முதல்ல பாக்க வேண்டியது அதைத்தான்னு நான் சொல்லுவேன்.

குரோஷியால ஸ்ப்ளிட்ங்கற ஊர்ல இருந்து டுப்ரோவ்னிக் வரைக்கும், இல்லன்னா ஸ்ப்ளிட்லயே ஏறி ஸ்ப்ளிட்லயே இறங்குற மாதிரி, முப்பது நாப்பது பேர் மட்டும் போற சின்ன கப்பல் நிறைய ஓடுது, பெரும்பாலும் சனிக்கிழமை கிளம்பி அடுத்த சனிக்கிழமை முடியும். காலைல கொஞ்ச தூரம் ஓட்டுவாங்க, மதியம் ஏதாவது ஒரு வளைகுடால நங்கூரம் போட்டு கடல்லயே குளிக்க விடுவாங்க, சாயங்காலம் ஒரு துறைமுகத்துல கட்டிட்டாங்கன்னா காலைல வரைக்கும் அங்க தான். ஹ்வார், கொர்ச்சுலா மாதிரி ஊர்ல பகல் வெயில் இறங்கி, பகல்ல மட்டும் வந்துட்டு போற கூட்டமும் கிளம்பினதுக்கு அப்புறம், கல்லு பாவின சந்துல ரெண்டு பேரும் கைய கோத்துட்டு சும்மா நடக்குறீங்களே, அந்த ஒரு மணி நேரத்துக்கே காசு குடுக்கலாம். கொர்ச்சுலா பழைய ஊர்ல தெருவெல்லாம் மீன் முள்ளு மாதிரி ரெண்டு பக்கமும் பிரியும், கோடைல கடல் காத்து உள்ள வரணும், குளிர்கால புயல் காத்து வரக்கூடாதுன்னு அப்பவே கணக்கு போட்டு கட்டிருக்காங்க. விஸ் தீவு, குரோஷியா யூகோஸ்லாவியாவோட சேர்ந்து இருந்த காலத்துல ராணுவ தளமா இருந்துச்சு, 1989 வரைக்கும் வெளிநாட்டுக்காரங்க உள்ள போக முடியாது, அதனாலயே பெரிய ஹோட்டலுங்க வந்து குவியாம இன்னும் அமைதியா இருக்கு. உங்க ரூட்ல விஸ் இருக்கான்னு கண்டிப்பா பாருங்க, இருந்தா அதையே எடுங்க.

குறைன்னா, சீசன்ல துறைமுகத்துல இடம் பத்தாம கப்பல பக்கத்து பக்கத்துல ஒட்டி கட்டுவாங்க, கரைக்கு போக அடுத்தவங்க கப்பல் வழியா தான் நடக்கணும், உங்க ஜன்னல தொறந்தா எதிர்ல இன்னொரு ஜன்னல். கீழ் தளத்து கேபின் இஞ்சின் பக்கத்துல வரும், சத்தம் இருக்கும், கொஞ்சம் கூட குடுத்து மேல எடுக்குறது நல்லது.

நார்வே கதையே வேற. பெர்கன்ல இருந்து ரஷ்ய எல்லைகிட்ட இருக்குற கிர்கெனெஸ் வரைக்கும் போற கடலோர கப்பல் சர்வீஸ் 1893ல ஆரம்பிச்சது, சரக்கும் ஏத்தும், ஒரு ஊர்ல இருந்து அடுத்த ஊருக்கு போற உள்ளூர் ஆளுங்களும் பஸ் மாதிரி ஏறி இறங்குவாங்க. 34 துறைமுகம், போயிட்டு வர 12 நாள். இப்ப ஹுர்டிகுருட்டன், ஹவிலான்னு ரெண்டு கம்பெனி ஓட்டுது. 34ன்னு கேட்டதும் ஆசை வரும், ஆனா பல ஊர்ல கால் மணி அரை மணி தான் நிக்கும், சிலது நடுராத்திரில வரும். ட்ரோன்ட்ஹெய்ம், ட்ரோம்சோ மாதிரி ஊர்ல தான் இறங்கி நிதானமா சுத்த சில மணி நேரம் கிடைக்கும். ராத்திரி ஊர்ல தங்குறதுங்கற பேச்சே இல்ல.

அதுக்கு பதிலா அங்க கிடைக்கிறது வெளிச்சம். ட்ரோம்சோல மே மூணாவது வாரத்துல இருந்து ஜூலை மூணாவது வாரம் வரைக்கும் சூரியன் மறையவே மறையாது, லொஃபோட்டன் தீவு மலைங்க கடல்ல இருந்து செங்குத்தா எழுந்து நிக்கிறத ராத்திரி பதினொரு மணிக்கு டெக்ல உக்காந்து பாக்கலாம். சென்னை மதுரை வெயில்ல இருந்து தப்பிச்சு ஓடுறவங்களுக்கு அந்த குளிரே பெரிய வரம், ஸ்வெட்டர் மட்டும் மறக்காதீங்க, ஜூலைலயும் தேவைப்படும். டால்மேஷியால, அதாவது அந்த குரோஷியா கடலோரத்துல, ஜூலை ஆகஸ்ட்னா 30 டிகிரிக்கு மேல போகும், ஹோட்டல் கடைன்னு எல்லா இடமும் நெரிசல், அதனால அங்க ஜூன் முதல் பாதி இல்ல செப்டம்பர் தான் என் சாய்ஸ், செப்டம்பர்ல கடல் தண்ணியும் இன்னும் சூடு ஆறாம இருக்கும்.

வாந்தி வர்றவங்க கவனிங்க, குரோஷியால தீவுக்கு நடுவுல போறதால அலை கம்மி, நார்வேல ஸ்டாட் முனை, வெஸ்ட்ஃபியோர்ட் மாதிரி திறந்த கடல் பகுதில ஆட்டம் இருக்கும், மாத்திரை கைல வச்சுக்கோங்க.

நார்வே தான்னு முடிவு பண்ணி, 12 நாள் லீவும் கிடைச்சா, முழுசா போயிட்டு வாங்க, போறப்ப ராத்திரில தாண்டுற ஊருங்க பலதும் திரும்புறப்ப பகல்ல வரும். சைவம் சாப்பிடுறவங்க எந்த கப்பலா இருந்தாலும் புக் பண்றப்பவே எழுதி குடுத்துடுங்க, அங்க ரெண்டு பக்கமும் மீன் தான் முதல் சாப்பாடு.