பழைய சைக்கிளைப் புதுப்பிக்கக் கொடுக்கிறீர்களா? இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

18,500 ரூபாய் போச்சு. பணத்தை விடுங்கள், அப்பா ஓட்டிய ராலே சைக்கிளே போச்சு. கோபம் அடங்கவில்லை, ஆனால் அடங்கும்வரை காத்திருந்தால் இன்னும் நாலு பேர் அங்கே போய் மாட்டுவார்கள்.

பழைய சைக்கிளுக்குப் புது பார்ட்ஸ் போட்டுத் தருவதாக இன்ஸ்டாகிராமில் பளபளவென்று படம் போடும் ஒர்க்‌ஷாப் அது. பெயர் வேண்டாம். எனக்கு ஷோகேஸ் வண்டி தேவையில்லை, தினமும் ஆபீஸ் போய்வர வேண்டும். இரும்பு ரிம்மில் ராடு பிரேக், மழையில் நனைந்தால் பிடிக்காது. அதனால் அலுமினிய ரிம், ரிம்மை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் கேலிப்பர் பிரேக், ஃபிரேமுக்குள் சுழலும் பெடல் அச்சுக்கு பேரிங்கோடு சீல் வைத்து வரும் கார்ட்ரிட்ஜ், இவ்வளவுதான் கேட்டேன்.

அந்த ஆள் வண்டியின் பேட்ஜைக் கட்டைவிரலால் துடைத்துப் பார்த்தார். "இங்கிலாந்து நாட்டிங்ஹாம்ல செஞ்ச வண்டி அண்ணா. முன்னாடி 32 கம்பி, பின்னாடி 40 கம்பி இருக்கும், எண்ணிப் பாருங்க" என்றார். எண்ணினேன், சரியாக இருந்தது. இவ்வளவு விவரம் தெரிந்தவரை யார்தான் நம்ப மாட்டார்கள்? "நம்ம வீட்டு வண்டி மாதிரி பார்த்துக்கறேன் அண்ணா" என்றார். 18,500 ரூபாயையும் அங்கேயே நின்று ஜிபேயில் அனுப்பினேன்.

வண்டி வந்தது. பெயின்ட் அருமை. முதல் வளைவிலேயே பெடல் தரையில் இடித்தது. 28 அங்குலச் சக்கரம் இருந்த இடத்தில் கையில் கிடைத்த 26 அங்குலச் சக்கரத்தை மாட்டியிருக்கிறார்கள். ரிம்மின் விட்டம் 635 மில்லிமீட்டரிலிருந்து 559-க்கு இறங்கினால் பிரேக் எப்படி எட்டும்? எட்டவைக்க ஒரு தகட்டை வெல்டு வைத்து, அதில் கேலிப்பரைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அழுத்திப் பிடித்தால் தகடு வளைந்து, பிரேக் கட்டை ரிம்மை விட்டு நழுவிக் கம்பியில் உரசுகிறது. பஸ் போகும் ரோட்டில் ஓட்ட வேண்டிய வண்டி இது!

கொடுமை அதோடு முடியவில்லை. பெடல் அச்சு 'டக் டக்' என்று ஆடியது. எங்கள் தெரு மெக்கானிக் கழற்றினார், உள்ளே கிரீஸோடு இரும்புத் துகள். ராலேவின் பழைய மரை அங்குலத்துக்கு 26 சுற்று, இப்போது கடையில் கிடைக்கும் கார்ட்ரிட்ஜ் 24. பொருந்தாததை ஸ்பேனர் போட்டு முறுக்கி ஏற்றியதில் ஃபிரேமின் மரை மொத்தமும் வழித்துக்கொண்டு போயிருக்கிறது.

போன் செய்தால், "மாஸ்டர் ஊர்ல இல்ல சார்." மறுபடி செய்தால், "பழைய வண்டின்னா கொஞ்சம் ஆடத்தான் செய்யும் சார்." வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினேன். நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. நேரில் போனால் 18,500 ரூபாய் வாங்கியவர் இல்லை, கடைப் பையன் மட்டும் இருந்தான். கழற்றிய சக்கரத்தின் நடுவில் இருந்த ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப், புரூக்ஸ் தோல் சீட் எங்கே என்று கேட்டேன். "அதெல்லாம் இரும்புக்கடைக்குப் போயிடுச்சு." பொய். அவர்களுடைய புதுப் படத்தில் வேறொரு வண்டிமேல் அந்த சீட் இருக்கிறது. ஓரத்தில் அப்பா செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துப் போட்ட மூன்று தையலும் அப்படியே தெரிகிறது.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. இதை மட்டுமாவது பாருங்கள். கழற்றும் ஒவ்வொரு பார்ட்டும் சாக்கில் கட்டித் திரும்ப வேண்டும் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். ராலே என்றால் மரை எத்தனை என்று கேளுங்கள், முழித்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். மரை ஏற்கெனவே போயிருந்தால் மரையே தேவைப்படாத கார்ட்ரிட்ஜ் இருக்கிறது, நானும் இப்போது அதைத்தான் தேடுகிறேன். சக்கரம் மாற்றினால் பழைய 28-க்குக் கிட்டத்தட்ட அதே அளவில் வரும் 700சி கேளுங்கள், 26 வேண்டவே வேண்டாம். முழுப் பணத்தை முன்னாடியே கொடுக்காதீர்கள், ஓட்டிப் பார்த்து, பிரேக் பிடித்துப் பார்த்து அப்புறம் கொடுங்கள்.