கரப்பொத்தான் ஜெல் – கொத்துக்கடைல நாலு மாசம் பாவிச்சுப் பாத்தது

முதல்லயே சொல்லிடுறன், நான் மட்டக்களப்புல கல்லடிப் பக்கம் சின்னதா ஒரு சாப்பாட்டுக்கட வெச்சிருக்கிறவன், பின்னேரம் அஞ்சு மணிக்குத் தொறந்தா ராவு பதினொண்டு மட்டும் கொத்து, ரொட்டி, பால் டீ. சாப்பாட்டுக்கடக்காரன் கரப்பொத்தானப் பத்தி எழுதுறதெண்டா தன்ட தலையில தானே மண்ணள்ளிப் போடுற வேல எண்டு மனிசி ஏசினா. குசினி வெச்சிருக்கிறவன் எனக்குக் கரப்பொத்தானே இல்ல எண்டு சொன்னா ஒண்டு பொய், இல்லாட்டி கடையப் பூட்டின பொறகு அவன் ஒரு நாளும் உள்ளுக்குப் போய் லைட்டப் போட்டுப் பாக்கல்ல.

சாமான் இதுதான்: ஊசி மருந்து ஏத்துற சிரிஞ்சு மாதிரி ஒரு டியூப், உள்ளுக்க மண்ணிறத்துல பசை, லேபல்ல இமிடாகுளோபிரிட் 2.15% எண்டு கிடக்கும். பிராண்ட நான் சொல்லல்ல, ஒரே மருந்து வேற வேற பேருல வருது, அதால முன்னுக்கு இருக்கிற பேரப் பாக்காம உள்ளுக்க என்ன மருந்து எண்டதப் பாத்து வாங்குங்க. புள்ளி கேட்டா 5க்கு 4. ஏன் ஒண்டக் கொறைச்சன் எண்டு பொறகு சொல்றன்.

இதுக்கு முதல் போன வருசம் ஸ்பிரே அடிக்கிற ஆக்களக் கூப்பிட்டன், ஆரெண்டு கேக்காதீங்க. ரெண்டு பொடியன்மார் முதுகுல டாங்கியோட வந்து இருவது நிமிசத்துல சுவரு, நிலம், மேசைக்கால் எல்லாம் நனைச்சிட்டுப் போயிட்டாங்க, ஒரு தட்டையும் தூக்கிப் பாக்கல்ல. ஒரு நாள் யாவாரம் போச்சு, பாத்திரம் பூரா திருப்பிக் கழுவுற வேல வேற. ஆனா அண்டைக்கு ராவு அள்ளி அள்ளிக் கொட்டினம், தும்புத்தடியால கூட்டிக் கூட்டி, எனக்கெண்டா அப்பிடி ஒரு சந்தோசம். மருந்து மணமும் மூக்க அடைக்கிது, செத்ததும் கண்ணுக்கு முன்னால கிடக்கு, குடுத்த சல்லிக்கு வேற என்ன வேணும்? மூணாம் நாள் ஒரு கஸ்டமர் சாப்பிட்டுக்கிட்டு இருக்கக்குள்ள விலைப்பட்டியல் போர்டுக்குப் பின்னால இருந்து ஒண்டு எட்டிப் பாக்குது. அதுவரைக்கும் குசினியோட நிண்டதுகள் சாப்பிடுற ஹோலுக்குக் குடிவந்திட்டு. ஒரு மாசம் போகல்ல, பழையபடி.

இந்தச் சித்திரை வருசத்துக்குத்தான் என்ட மச்சான், மனிசிட தம்பி, லீவுல வந்தான். அவன் வந்தாறுமூல கம்பஸ்ல விவசாயம் படிச்சி, மறுகா பேராதெனில பூச்சியியல் மேல்படிப்பு முடிச்சி, இப்ப சிங்கப்பூர்ல ஒரு பூச்சிமருந்துக் கம்பனிட ஆய்வுகூடத்துல விஞ்ஞானியா இருக்கான். வீட்டுல பட்டப்பேர் கரப்பொத்தான் டொக்டர். கலியாணம் பேச வாற ஆக்களிட்ட மாமி "மருந்துக் கம்பனில பெரிய வேல" எண்டு மட்டும் சொல்லி நிப்பாட்டிடுவா, மருந்து மனிசருக்கில்ல எண்டத அவங்களே போகப்போகக் கண்டுபிடிக்கட்டும் எண்டு.

ஸ்பிரே கதையச் சொன்னன். ஒண்டும் பறையல்ல. கட பூட்டினதும் வந்தான், தோடம்பழ இனிப்புச் சுத்தி வாற செவப்புத் தாள போன் டோர்ச்சில ஒட்டினான், லைட் எல்லாத்தையும் அணைச்சிட்டு கோதும மா மூட்டைக்கு மேல குந்திட்டான். "அத்தான், செவப்பு வெளிச்சம் இதுகளுக்கு லேசில தெரியா, இருட்டெண்டு நெனச்சித் தம்பாட்டுக்குத் திரியும், கத்தாம இரிங்க" எண்டான். ஒரு மணித்தியாலம். அந்த ஒரு மணித்தியாலத்துல பத்து வருசமா என்ட கடைல நான் காணாததையெல்லாம் கண்டன். பிரிஜ்ஜுக்குப் பின்னால மோட்டர்ச் சூட்டுல ஒரு கூட்டம், பிரிஜ் கதவு றப்பர் மடிப்புக்குள்ள குட்டி குட்டியா, சுவர் மணிக்கூட்டுக்குப் பின்னால, எல்லாத்துக்கும் மேல ரொட்டி மேசைட இரும்புக் குழாய்க் கால், அதுட வாய் தொறந்து கிடக்கு, அதுக்குள்ள இருந்து வரிசையா இறங்குதுகள், ஸ்கூல் விட்ட மாதிரி. நாங்க அடிச்சது சுவருக்கு, அதுகள் இருந்தது குழாய்க்குள்ள.

மறுகா ஆறு ஒட்டு அட்டைய ஆறு எடத்துல வெச்சான். விடிய எண்ணினம், 87. "மருந்து வெக்க முதல் இந்த இலக்கத்த எழுதி வைங்க, இது இல்லாட்டி மருந்து வேல செஞ்சிச்சோ இல்லையோ எண்டு உங்களுக்கும் தெரியா, எனக்கும் தெரியா" எண்டான். கொப்பில எழுதினன், தேங்கா கணக்குக்குக் கீழ.

ஸ்பிரே ஏன் தோத்திச்சி எண்டும் அப்பதான் சொன்னான். நம்மட கடைல இருந்தது கக்கூஸ் குழியில வாற பெரிய சாதி இல்ல, ஜேர்மன் கரப்பொத்தான் எண்டு சொல்ற சின்னது, கழுத்துக்குப் பின்னால ரெண்டு கறுப்புக் கோடு. பொம்புள முட்டக் கூட்ட வயித்தோட தூக்கிக்கிட்டே திரியும், பொரிக்கக் கிட்டத்தான் இறக்கும், ஒரு கூட்டுக்குள்ள 30, 40 முட்ட. கூட்டுக்குள்ள மருந்து இறங்குறது குறைவு, அதால தாய் செத்தாலும் முட்டை தப்பலாம். அதோட அப்பிடியான ஸ்பிரே மருந்து கணக்க அதுகள வெரட்டுற சாதி, பட்டது சாகும், படாதது எடத்த மாத்தும். ஜெல் அப்பிடியில்ல, மெதுவாக் கொல்லும், திண்டிட்டுப் பொந்துக்குப் போய்ச் சாகும், செத்ததையும் அதுட பீயையும் மத்ததுகள் திங்கும், அதுகளுக்கும் மருந்து ஏறும். அருவருப்பான விசயந்தான், ஆனா சல்லி மிச்சம்.

வெச்ச விதம்: ஒரு பருப்பு அளவுப் பொட்டு, அவ்வளவுதான், பிரிஜ்ஜுக்குப் பின்னால, கதவுப் பிணச்சலுக்குள்ள, குழாய்க்கால் வாயில, அலுமாரி மூலைல. நான் சட்னி பூசுற மாதிரிப் பூசப் போக டியூப்பப் பறிச்சிட்டான். நிறையப் பொட்டு, சின்னச் சின்னப் பொட்டு, ராவு அதுகளக் கண்ட எடத்துக்குக் கிட்ட. சாப்பாடு வெக்கிற தட்டுல, தண்ணி எண்ண படுற எடத்துல வெக்கவே ஒண்ணா. குழாய்க்காலுட வாய மறுகா சீமெந்து வெச்சி அடைச்சம். ஏழாம் நாள் ஒட்டு அட்டைல 31. மூணாம் கிழம 6. கடைய ஒரு நாளும் பூட்டல்ல, மணமும் இல்ல. ஸ்பிரேக்கு ஒரு தடவைக்குக் குடுத்த சல்லில மூணு டியூப் வாங்கலாம், நான் முடிச்சது ஒண்டரை.

இந்த வேலையத்தான் அவன் நாள் பூராச் செய்றான் எண்டு அப்பதான் எனக்கு வெளங்கிச்சி. பிளாஸ்டிக் பெட்டில ஆயிரக்கணக்கா வளப்பாங்களாம், உள்விளிம்புல ஏறி வராம வாசலீன் பூசி, முட்ட அடுக்கி வாற மட்டத் தட்டுத்தான் வீடு, சாப்பாட்டுக்கு நாய் பிஸ்கட். ஒரு கூட்டம் தலமுற தலமுறையா மருந்தே காணாத அப்பாவிகள், இன்னொண்டு ஹோட்டல் குசினிகள்ல புடிச்ச கள்ளன்மார். கரியமில வாயு அடிச்சி மயக்கி, பத்துப் பத்தா எண்ணி, ரெண்டு கூட்டத்துக்கும் ஒரே மருந்தக் குடுத்து, ஒரு நாள், ரெண்டு நாள், மூணு நாள் எண்டு போய் ஒவ்வொண்டையும் தூரிகையால தட்டிப் பாத்துச் செத்ததோ இல்லையோ எண்டு எழுதுறது. மருந்தே வெக்காத பெட்டியும் ஒண்டு இருக்கும், ஏனெண்டா சும்மா இருந்தாலும் கொஞ்சம் சாகுந்தானே, அதக் கழிக்கணும். மருந்து வெக்காததுல 100க்கு 10 செத்து, வெச்சதுல 91 செத்தா மருந்துட கணக்கு 91 இல்ல, 90தான். அபொட் எண்டவர் 1925ல போட்ட சூத்திரம், இன்னும் அதத்தான் பாவிக்கிறாங்க. எங்கட ஆக்கள் விஞ்ஞானி எண்டா கண்ணாடிக் குழாய்ல பொக வாற படத்த நெனைப்பாங்க, இவன் செத்த கரப்பொத்தான் எண்ணுறான்.

அப்பா கொஞ்சம் நக்கலாத்தான் கேட்டாரு, நெல்லுக்குப் படிச்சிட்டுக் கரப்பொத்தானுக்கு ஏன் போன எண்டு. ரெண்டும் ஒண்டுதான் மாமா எண்டான். உன்னிச்சப் பக்கம் எங்கட வயல்ல நெல்லுச் சாற உறிஞ்சுற அறக்கொட்டியான் பூச்சி வந்தா அப்பா கண்ணமூடிக்கிட்டு அடிப்பாரு, அடிச்சா அதத் திங்கிற சிலந்தி முதல்ல சாகும், மறுகா அறக்கொட்டியான் ரெண்டு மடங்காக் கிளம்பும். இந்தோனேசியால இதே கூத்து முத்திப்போய்த்தான் 1986ல நெல்லுக்கு 57 மருந்தத் தடை செஞ்சாங்களாம். அப்பா கேட்டிட்டு வெத்திலையத் துப்பப் போயிட்டாரு. வாற போகத்துக்கும் அடிப்பாரு.

இப்ப அந்தக் கொறைஞ்ச ஒரு புள்ளி. ஆடி மாசம் ரெண்டாவது டியூப் வெச்சன், கரப்பொத்தான் கிட்டப் போய்த் திரும்புது, வாய் வெக்கல்ல. டூப்ளிக்கேட் சாமான் எண்டு கடக்காரனோட சண்டைக்குப் போகப் பாத்தன், அதுக்கு முதல் மச்சானுக்குப் போன் அடிச்சன். அவன் ஒரு கதை சொன்னான், 1993ல ஜூல்ஸ் சில்வர்மன் எண்ட ஒரு பூச்சி விஞ்ஞானி எழுதினது, புளோரிடால ஒரு வீட்டுக் கரப்பொத்தான் மருந்து கலந்து வெச்ச இரையத் தொடமாட்டன் எண்டிச்சாம், பாத்தா மருந்துல இல்ல கோளாறு, மருந்தோட சேத்த குளுக்கோஸ்லதான், அந்த இனிப்பு அதுகளுக்குப் புடிக்காமப் போயிட்டு. 20 வருசம் கழிச்சி 2013லதான் காரணம் வெளிய வந்திச்சி, அதுகளுட நாக்குக்கு, நாக்கெண்டு சொல்ல ஏலா, வாய்ப்பக்க நரம்புக்கு குளுக்கோஸ் கசக்கிதாம். இனிப்பத் திண்டதெல்லாம் செத்துப் போக, கசக்கிறவன் மட்டும் மிஞ்சிப் பெருகியிருக்கான். நான் வாயப் பொளந்திட்டன். சரி, நம்மட கடையிலயும் அதுதான் எண்டன்.

"அவசரப்படாதீங்க அத்தான், பார்மசில குளுக்கோஸ் பக்கட் ஒண்டு வாங்கி, சோடா மூடில கரைச்சி வெச்சிப் பாருங்க." வெச்சன், செவப்புத் தாளோட குந்தினன், ஏழு கரப்பொத்தான் மூடியச் சுத்தி நிண்டு குடிக்கிதுகள், கலியாண வீட்டுப் பந்தி மாதிரி. அப்ப இனிப்புல கோளாறில்ல. விசாரிச்சிப் பாத்தா நம்மட கொத்துப் பொடியன், கெட்டிக்காரத்தனமா, நான் ஜெல் வெச்ச எடத்துக்கெல்லாம் மேலால டப்பா ஸ்பிரேயும் அடிச்சிருக்கான், "ரெண்டும் சேந்தா இன்னும் சுறுக்காச் சாகுமெண்டு நெனச்சன் முதலாளி" எண்டு. ஸ்பிரே பட்ட ஜெல் எச்சில் சோறு மாதிரி, அதுட பக்கம் ஒண்டும் போகா. துடைச்சிக் கழுவிப் புதுசா வெச்சம், திண்டிச்சி. இத டியூப்புல கொட்டை எழுத்துல போட்டா என்ன? தமிழ்ல போட்டுத்தான் இருக்கு, எறும்பு எழுத்துல, கண்ணாடி போட்டும் எனக்கு ஏலா. புள்ளி அதுக்குத்தான் போச்சு. சின்னக் கொற இன்னும் ரெண்டு இருக்கு: ரொட்டிக்கல்லுக்குக் கிட்ட வெச்சது சூட்டுல ஒரு கிழமையில காஞ்சி கல்லாகுது, அங்க அடிக்கடி மாத்தணும், அடுத்தது கடைசிக் கொஞ்சம் டியூப்ப விட்டு வெளிய வாறதே இல்ல, குச்சி விட்டு நோண்டித்தான் எடுத்தன்.

வாங்கக்குள்ள பதிவு இலக்கம் இருக்கா எண்டு பாருங்க, 1980ம் ஆண்டு 33ம் இலக்கப் பீடைகொல்லிச் சட்டப்படி பதிவில்லாத மருந்த இஞ்ச விக்க ஒண்ணா. லேபல் இல்லாமச் சும்மா பொலித்தீன்ல சுத்தித் தாறதக் கையாலயும் தொடாதீங்க. குழந்த குட்டி உள்ள வீடெண்டா எட்டாத பொந்துக்குள்ள மட்டும் வைங்க.

போன வெள்ளிக்கிழம ஒட்டு அட்டைல 3. மச்சானுக்கு அனுப்பினன், போட்டோ எடுத்து அனுப்புங்க எண்டான், பெருசாக்கிப் பாத்திட்டு, "அத்தான், ரெண்டுதான் கரப்பொத்தான், மூணாவது கருவேப்பிலைக் காம்பு" எண்டு பதில் போட்டிருக்கான்.