பாரம் குறைந்த றக்கெட்: யாருக்கு எது?

புதிதாகப் பட்மின்டன் பழகுவோருக்கு 4யூ எடை, அதாவது 80–84 கிராம், வளையும் தண்டு, நரம்புக்கு 20–22 இறாத்தல் இழுவை போதும். இழுவை கூடினால் நடுவில் படாத அடி பின்கோட்டுக்குப் போகாது; கைதான் நோகும்.

இரட்டையர் ஆட்டத்தில் வலையருகே நிற்பவருக்கு யொனெக்ஸ் நனோஃபிளேர் 700 அருமை. தலைப்பாரம் குறைவு, ஓங்கி அடிக்கும் ஸ்மாஷைத் தடுக்கச் சட்டென்று திரும்பும்.

லி-நிங் வின்ட்ஸ்டோர்ம் 72 வெறும் 72 கிராம். மணிக்கட்டு வேகம் உள்ளவருக்கே அது சரி. ஸ்மாஷில் கனம் குறையும். மட்டக்களப்பில் கச்சான் காற்றுக்குள் வெளியில் நைலோன் சட்டிலோடு ஆடுபவர்கள் இதை வாங்கவே வேண்டாம். காற்றை எதிர்த்துத் தள்ளத் தலையில் பாரம் வேண்டும், இல்லாவிட்டால் தோள்பட்டைதான் அந்த வேலையைச் செய்யும்.

வியர்வைக்காகக் கைப்பிடியில் சுற்றியுள்ள கிறிப்பின் மேல் இன்னொன்று சுற்றினால் சமநிலை கைப்பிடிப் பக்கம் நகரும். பழைய கிறிப்பைக் கழற்றிவிட்டுச் சுற்றுங்கள்.