லைம் நோயும் ராக்கி மலைக் காய்ச்சலும்

அமெரிக்காவில் உண்ணி கடித்து வரும் பாக்டீரியா நோய்களில் அதிகம் பேருக்கு வருவது லைம். ஆனால் எனக்கு அதைவிடப் பயம் தருவது, அதே போல உண்ணியால் வரும் ராக்கி மலைப் புள்ளிக் காய்ச்சல்தான்.

லைம் கொஞ்சம் அவகாசம் தருகிறது. வடகிழக்கு மாநிலங்களிலும் விஸ்கான்சின், மினசோட்டா பக்கமும் உள்ள கருங்கால் உண்ணி, பொதுவாக 24 மணி நேரத்துக்கு மேல் ஒட்டிக்கொண்டிருந்தால்தான் கிருமி உடலில் ஏறும். இளம் உண்ணி கசகசா அளவுதான். முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமுடி என்று தடவித் தேட வேண்டும். 3 முதல் 30 நாட்களுக்குள் கடிவாயைச் சுற்றிச் சிவப்புத் தடிப்பு மெல்ல விரியும், பெரும்பாலும் வலிக்காது. அப்படியே விட்டால் பின்னாளில் மூட்டு வீங்கும், சிலருக்கு முகவாதமும் வரும்.

ராக்கி மலைக் காய்ச்சல் அவ்வளவு பொறுக்காது. வட கரோலினா, டென்னசி, ஆர்கன்சா, மிசூரி, ஓக்லஹோமா மாநிலங்களில் இது அதிகம். அரிசோனாவில் நாய் உண்ணி பரப்புகிறது. முதலில் கடும் காய்ச்சல், தலைவலி. மணிக்கட்டிலும் கணுக்காலிலும் புள்ளிகள் தெரிய இன்னும் 2 முதல் 4 நாள் ஆகும். சிகிச்சை இல்லாவிட்டால் 8 நாட்களுக்குள் உயிரே போகலாம். முதல் வாரத்தில் ரத்தப் பரிசோதனையை நம்பவும் முடியாது. அதனால் சந்தேகம் வந்ததுமே டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தைத் தொடங்கிவிட வேண்டும், குழந்தைகளுக்கும்தான். பல்லில் கறை படியும் என்று தயங்க வேண்டாம். குறுகிய காலம் கொடுப்பதால் அப்படி ஆவதில்லை.

லைமுக்கும் பெரும்பாலும் இதே மருந்துதான். கோடையில் காய்ச்சலோடு மருத்துவரிடம் போனால் புல்வெளியில் நடந்ததையும் வீட்டு நாயையும் சேர்த்துச் சொல்லுங்கள். கடித்ததே பலருக்குத் தெரிவதில்லை.