பழைய படகு வாங்கப் போகிறீர்களா? பின்பலகையைத் தட்டிப் பாருங்கள்

மலேசியாவில் நிபோங் திபால் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் 31 ஆண்டுகள் கிராணியாக (எழுத்தராக) இருந்தவன் நான். சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும், பேரப்பிள்ளைகளோடு கிரியான் ஆற்றில் மின்மினி பார்க்கவும் தூண்டில் போடவும் ஒரு மோட்டார் படகு வாங்க ஆசைப்பட்டேன். அதில் ஏமாந்த கதை இது.

இரண்டு படகுகள் பார்த்தோம். இரண்டும் 17 அடி, ஃபைபர்கிளாஸ் உடல், பின்னால் தொங்கும் 60 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின். பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் இரட்டைப் பிள்ளைகள்தான். ஒன்று ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடையது. வெயிலில் வெளுத்த உடல், புகை கக்கும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின், விலை 15,000 வெள்ளி (ரிங்கிட்). மற்றொன்று பழைய படகு வியாபாரியிடம் இருந்தது. புது நீல வண்ணம், சத்தமே வராத ஃபோர் ஸ்ட்ரோக், 19,000 வெள்ளி.

"அண்ணே, உடல் இரண்டும் ஒன்றுதான். கூடுதல் காசு எஞ்சினுக்குத்தான்" என்றார் வியாபாரி. வாளித் தண்ணீரில் எஞ்சினை ஓட்டிக் காட்டினார். ஆற்றில் இறக்கச் சொன்னால், நீர் வற்றியிருக்கிறது என்றார். என் மச்சான் 50 சென் நாணயத்தால் படகைத் தட்டிப் பார்க்கப் போனபோது, "புது வண்ணம், கீறல் விழும்" என்று கையைப் பிடித்துத் தடுத்தார். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நானோ அவர் வாங்கித் தந்த இளநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். நம்மவர் என்ற நம்பிக்கை வேறு.

நீலப் படகையே வாங்கினேன். அதில் மூன்றாவது முறை ஆற்றில் போனபோது, வேகம் கூட்டியதும் எஞ்சின் தலையாட்டியது. கரைக்கு வந்து அதன் அடிக்காலைப் பிடித்து அழுத்தினேன். எஞ்சினோடு சேர்ந்து படகின் பின்பலகையும் வளைந்தது. மெக்கானிக் ஒரு போல்ட்டைக் கழற்றினார். துளையிலிருந்து கடுந்தேநீர் நிறத்தில் தண்ணீர் ஒழுகியது. திருப்புளியை உள்ளே விட்டார். வெந்த மரவள்ளிக்கிழங்கில் இறங்குவதுபோல் பிடிவரை இறங்கியது.

எஞ்சின் தொங்கும் அந்தப் பின்பலகை வெளியே ஃபைபர், உள்ளே ஒட்டுப்பலகை. போல்ட் துளையைச் சரியாக அடைக்காவிட்டால் நீர் புகுந்து மரம் உளுத்துப்போகும். பழைய எஞ்சினை எடுத்துவிட்டு, நூறு கிலோவுக்கு மேல் கனக்கும் ஃபோர் ஸ்ட்ரோக்கை அந்த மரத்தில்தான் மாட்டியிருந்தார்கள். நீல வண்ணத்தைச் சுரண்டினால் பழைய துளைகளும் விரிசல்களும் காரின் பள்ளங்களை அடைக்கும் பட்டியால் (putty) பூசப்பட்டிருந்தன. தெரியாமல் நடந்தது என்று சொல்ல முடியுமா? பின்பலகையை மாற்ற 7,000 வெள்ளி கேட்கிறார்கள்.

வியாபாரியோ ரசீதின் அடியில் எறும்பு எழுத்தில் கிடக்கும் 'இருக்கும் நிலையில் விற்பனை' என்ற வரியைக் காட்டுகிறார். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுக் கொடுத்திருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளிதான். 50,000 வெள்ளி வரை கோரலாம். மூன்று ஆண்டுகளுக்குள் போக வேண்டும். ஆனால் வியாபாரியிடம் வாங்கியதற்கே அந்த வழி; தனியாரிடம் வாங்கினால் அங்கே போக முடியாது.

நல்ல பலகை தட்டினால் 'டக்' என்று கணீரென்று ஒலிக்கும், ஊறியது 'தொப்'பென்று அமுங்கும். போன வாரம் அவர் கடையைக் கடந்து போனேன். அதே நீல வண்ணத்தில் இன்னொரு படகு வாசலில் நிற்கிறது.