இரண்டரை மணி நேர நாடகம் 52 நிமிடத்தில் முடிந்தது, 4,720 ரூபாய் போச்சு

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன். 4,720 ரூபாய். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மண்டைக்குள் அது ஒன்றுதான் ஓடுகிறது. ஆளுக்கு 1,100 வீதம் நாலு டிக்கெட், டிக்கெட்டுக்கு 80 வீதம் முன்பதிவுக் கட்டணம். ஐந்து வயதுப் பையனுக்கும் முழு டிக்கெட்தான். பஸ், ஆட்டோ செலவை இதில் சேர்க்கவில்லை.

நடந்தது புதுச்சேரியில், நகரத்துக்குள்ளேயே இருக்கும் ஒரு சின்ன நாடக அரங்கில். நூறு நாற்காலி போட்டால் நிறைந்துவிடும். குடும்பத்தோடு பார்க்கலாம் என்று பல நாடுகளில் போடும் ஓர் ஆங்கில இசை நாடகம். பெயரைச் சொன்னால் அரங்கம் எது, டிக்கெட் விற்ற செயலி எது என்று எல்லாம் வெளியே வந்துவிடும். வழக்கு கிழக்கு என்று என் மேலேயே பாய்வார்கள். அதனால் சொல்லவில்லை. புரிகிறவர்களுக்குப் புரியட்டும்.

மகளுக்கு ஒன்பது வயது. பள்ளி ஆண்டு விழாவில் அந்த நாடகத்திலிருந்து ஒரு பாட்டு பாடினாள். அதிலிருந்து பைத்தியம். இரண்டாம் பாதியில் வரும் இன்னொரு பாட்டை யூடியூபில் பார்த்துப் பார்த்து, நாலு மாதமாக வீட்டில் அதுதான். சோறு பிசையும்போதும் அதுதான். அந்த நேரம் பார்த்து வகுப்பு வாட்ஸப் குழுவில் போஸ்டர் வந்தது. 'இரண்டரை மணி நேரம், நேரடி இசைக்குழு, நடுவில் இடைவேளை.' 1,100 என்றதும் எனக்குப் பகீரென்றது. எங்கள் வீட்டில் அது யோசித்துச் செலவு செய்கிற பணம். அதனால்தான் பணம் கட்டுவதற்கு முன்னால் போஸ்டரில் இருந்த எண்ணுக்குப் பேசினேன்.

இந்த இடத்தில்தான் விழுந்தேன்.

அத்தனை பொறுமையாகப் பேசினார் அந்த ஆள். "முழு நாடகம்தானே சார்?" என்று கேட்டேன். "முழுசும்தாங்க. வெட்டினா அப்புறம் அது என்ன நாடகம்?" என்றார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று அவரே கேட்டார். கடலூர் என்றேன். "பஸ்ஸுக்கு பயப்படாதீங்க, ஆறு மணிக்கு ஆரம்பிச்சா எட்டரை, எட்டேமுக்காலுக்கு விட்டுடுவோம்" என்றார். பஸ் வரைக்கும் கணக்குப் போட்டுச் சொல்கிற மனுஷன் பொய் சொல்வார் என்று யாருக்குத் தோன்றும்? அம்மாவுக்கு முட்டி வலி, ரொம்ப நேரம் உட்கார முடியுமா தெரியவில்லை என்றேன். "ஓரத்து சீட்டா போட்டுடறேன், கால நீட்டிக்கலாம். இடைவேளையில கொஞ்சம் நடந்துட்டு வரட்டும்" என்றார். அந்த வார்த்தையில் உருகிவிட்டேன். போனை வைத்த கையோடு பணம் கட்டினேன். ஓரத்து சீட்டு மட்டும் சொன்னபடி கிடைத்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்காரருக்கு நெய்வேலியில் ஷிப்ட். நான், அம்மா, இரண்டு பிள்ளைகள். திருப்பாப்புலியூரில் பஸ் ஏறினோம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் கூட்டம், ஆட்டோ எங்கெங்கோ சுற்றிக்கொண்டு போய் 180 ரூபாய் வாங்கினான். சரி, போகட்டும்.

ஆறு மணி என்று போட்டுவிட்டு 6.25-க்கு ஆரம்பித்தார்கள். இசைக்குழு எங்கே என்று பார்த்தால் மேடை ஓரத்தில் துணி போட்டு மூடிய கீபோர்டு ஒன்று இருந்தது. கடைசி வரை அந்தத் துணியை எடுக்கவே இல்லை. பாட்டெல்லாம் ஸ்பீக்கரில் வந்த பதிவு. ஒரு தடவை இசை நின்றுவிட்டது. அப்போது பாடிக்கொண்டிருந்த பெண்ணுக்கு எட்டு வயது இருக்கும், வாயைத் திறந்தபடி அசையாமல் நின்று, இசை திரும்ப வந்ததும் சரியான இடத்தில் பிடித்துப் பாடினாள். நடித்த பிள்ளைகள் மேல் ஒரு குறையும் இல்லை. கை வலிக்கத் தட்டினேன்.

கதைதான் ஓடுகிற ஓட்டம் ஓடியது. நேற்று வந்தவர்கள் இன்றைக்கு உறவாகிவிட்டார்கள், வில்லி எப்போது வந்தாள் எப்போது திருந்தினாள் என்று புரியவில்லை. முதல் பாதியை வேகமாக முடித்து இரண்டாம் பாதியை நிதானமாகப் போடுவார்கள்போல என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிள்ளைகள் வரிசையாக வந்து கும்பிட்டார்கள். விளக்கு எரிந்தது. மணி 7.17.

"இடைவேளையாடி?" என்றாள் அம்மா.

ஆமாம் என்றுதான் நானும் நினைத்தேன். நான் மட்டும் இல்லை, பாதிக் கூட்டம் அப்படித்தான் நினைத்தது. எல்லாரும் எழுந்து வெளியே போய் டீக்கும் சமோசாவுக்கும் வரிசையில் நின்றோம். பையனைப் பாத்ரூம் கூட்டிப்போனேன். அம்மா அந்த ஆள் சொன்னபடியே வராந்தாவில் நாலு நடை நடந்தாள். கையில் டீயோடு திரும்ப உள்ளே நுழைந்தால், இரண்டு பையன்கள் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள். "முடிஞ்சிடுச்சிக்கா" என்றான் ஒருவன். என் பெண், "அம்மா, அந்தப் பாட்டு?" என்று கேட்டாள். 52 நிமிடம். 4,720 ரூபாய்.

கவுண்டரில் இருந்த பையன், "ஆன்லைன்ல வாங்குனதுக்கு அவங்கதான் மேடம் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினான். போனில் பேசிய ஆள் அங்கே இல்லை. அடித்தால் எடுக்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மாதான் பேசினாள். அவள் பிறந்தது பண்ருட்டிப் பக்கம். திரௌபதி அம்மன் கோயில் கூத்து ராத்திரி ஆரம்பித்தால் விடிகிற வரை நடக்கும். "எங்க ஊர்ல வேஷம் கட்டவே இதவிட நேரமாகும்" என்றாள். அங்கே கட்டியக்காரன் முதலில் வந்து இன்றைக்கு என்ன கூத்து என்று சபையில் சொல்லிவிடுவான். ராத்திரி பூராவும் பாட்டிலேயே நாடகம் நடத்திய சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் கண்மூடியது இந்தப் புதுச்சேரியில்தான், கருவடிக்குப்பத்தில் சமாதி இருக்கிறது. அந்த ஊரில் இப்படி. ஆத்திரத்தில் எங்கெங்கோ போகிறேன், விடுங்கள்.

திங்கள்கிழமை செயலியில் எழுதினேன். நிகழ்ச்சி ரத்தாகவில்லை, நடந்து முடிந்துவிட்டது, அதனால் பணம் தர வழியில்லை, ஏற்பாட்டாளரைக் கேளுங்கள் என்று பதில். ஏற்பாட்டாளரைக் கேட்டால் முதல் தடவை மீட்டிங். இரண்டாவது தடவை, "குழந்தைங்க அவ்ளோ நேரம் உட்காருவாங்களா? உங்க நல்லதுக்குத்தானே சுருக்கினோம்." மூன்றாவது தடவை, "கலையை கடிகாரத்துல அளக்கலாமா மேடம்?" அளக்கலாம் சார். நீங்கள்தான் போஸ்டரில் அளந்து போட்டீர்கள். பிறகு பெரிய மனசு பண்ணி, அடுத்த காட்சிக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி என்றார். இப்போது நான் அனுப்புவதற்கெல்லாம் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை.

சென்னையில் பள்ளி நாடகங்கள் போடும் என் சித்தி மகனிடம் புலம்பியபோதுதான் விஷயம் தெரிந்தது. இந்த மாதிரி நாடகங்களுக்குச் சுருக்கிய பதிப்பு தனியாகவே இருக்கிறதாம். உரிமை வைத்திருக்கும் நிறுவனங்களே பள்ளிப் பிள்ளைகள் நடிப்பதற்காக ஒரு மணி நேரத்துக்குக் குறைத்து, 'ஜூனியர்' என்று பெயரோடு சேர்த்துத் தருகிறார்கள். இன்னும் சின்னப் பிள்ளைகளுக்கு அரை மணி நேரத்துப் பதிப்பும் உண்டு. பாட்டுகளைக் குறைத்து, பிள்ளைகளின் குரலுக்கு ஏற்றபடி சுருதி மாற்றி, பின்னணி இசையையும் பதிவு செய்தே கொடுத்துவிடுவார்கள். "அக்கா, அது ஏமாத்து இல்ல, நல்ல ஏற்பாடுதான். ஜூனியர்ங்கிற வார்த்தையை போஸ்டர்ல மறைச்சதுதான் ஏமாத்து" என்றான். எனக்கும் அதே கோபம்தான். பிள்ளைகள் போடும் ஒரு மணி நேர நாடகம் என்று சொல்லி 200 ரூபாய் வைத்திருந்தால் சந்தோஷமாகப் போயிருப்பேன். பெண்ணிடமும் அந்தப் பாட்டு வராது என்று முன்னாலேயே சொல்லியிருப்பேன்.

மற்றவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். எங்கே, குக்கர் மூன்றாவது விசில் அடித்துவிட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். எந்தப் பதிப்பு, எத்தனை நிமிடம் என்று போனில் கேட்காதீர்கள், வாட்ஸப்பில் எழுத்தில் வாங்குங்கள். நான் போனில் கேட்டதால் அந்த ஆள் சொன்னதற்கு என்னிடம் ஆதாரமே இல்லை. பணம் கட்டும் முன் செயலியின் பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். நான் வாங்கும்போது '2 மணி 30 நிமிடம்' என்று இருந்தது, திங்கள்கிழமை காலையில் பார்த்தால் '1 மணி' ஆகிவிட்டது. வகுப்புக் குழுவில் வந்த போஸ்டர் இருந்ததால் பிழைத்தேன். நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். புகார் கொடுத்துவிட்டேன். அதற்கும் மசியவில்லை என்றால் 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாமாம், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. புதுச்சேரிக்கு அலையாமல் கடலூரிலேயே போடப் போகிறேன். 4,720 ரூபாய்க்கு இவ்வளவு தேவையா என்கிறார் வீட்டுக்காரர். தேவைதான்.

அடுத்த ஞாயிறு மறுபடி போடுகிறார்களாம். புதுப் போஸ்டர் இன்று காலை அதே வகுப்புக் குழுவில் வந்துவிட்டது. விலை அதே 1,100. எத்தனை மணி நேரம் என்ற வரியை மட்டும் காணோம்.