முத்திரை குத்திய வரைபடம் விற்கிறார்கள்: வளவில் நாலு வீடு கட்ட நினைப்பவர்கள் கவனிக்கவும்

"முன்கூட்டியே அங்கீகாரம் பெற்ற வரைபடம்" என்று சொல்லி, நான்கு சிறு வீடுகள் கொண்ட மாடிக் கட்டடத்தின் படமொன்றை யாழ்ப்பாணத்தில் ஒருவர் விற்றுக்கொண்டு திரிகிறார். எங்களிடம் வரைபடத்துக்கு 3.5 இலட்சம் ரூபாயும் அத்திவார வேலைக்கு முற்பணமாக 12 இலட்சமும் வாங்கினார். அந்த அங்கீகாரம் பொய். பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருப்பதால் அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் அவர் என்ன சொல்லி விற்கிறார் என்பது நாலு பேருக்குத் தெரியவேண்டும்.

கொக்குவிலில் அம்மாவின் பெயரில் இரண்டு பரப்புக் காணி இருக்கிறது. பல்கலைக்கழகம் பக்கத்தில் என்பதால் சிறிய வீடுகளாகக் கட்டி வாடகைக்கு விடலாம் என்று தம்பிக்கு எண்ணம். அவன் கனடாவில் இருக்கிறான். அங்கே 2025இல் மத்திய அரசு ஏறத்தாழ ஐம்பது வீட்டு வடிவமைப்புகளை வெளியிட்டது. வரிசை வீடு, நான்கு குடும்ப வீடு, ஆறு குடும்ப வீடு, பின்வளவில் கட்டும் சிறு வீடு எல்லாம் அதில் உண்டு. யாரும் இலவசமாக எடுக்கலாம். அவுஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலமும் இதுபோல ஒரு தொகுப்பு வெளியிட்டு, ஆரம்பத்தில் ஒரு டொலருக்குக் கொடுத்தது. இந்தச் செய்திகளெல்லாம் எங்கள் ஊர்க் குடும்பங்களின் தொலைபேசிகளில் சுற்றிக்கொண்டிருந்த நேரம் பார்த்துத்தான் அந்த மனிதர் வந்தார். "அக்கா, அதே திட்டம் இங்கேயும் வந்துவிட்டது. முத்திரை ஏற்கெனவே விழுந்துவிட்டது. காணி விபரத்தை நிரப்பினால் நாளைக்கே கல் நாட்டலாம்" என்றார்.

வெளியூர்க்காரருக்கு இது நம்பமுடியாத கதையாகத் தோன்றலாம். எங்களுக்கு அப்படியில்லை. போருக்குப் பிறகு இந்திய வீட்டுத் திட்டத்தில் வடக்கிலும் கிழக்கிலும் பல்லாயிரம் வீடுகள் எழுந்தன. ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபாய் உதவித்தொகை, கையில் ஒரு மாதிரி வரைபடம். ஊருக்கு ஊர் ஒரே முகத்துடன் வீடுகள் நிற்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அரசாங்கம் படம் கீறிக் கொடுக்கும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த விடயம். அந்த நினைவைத்தான் அவர் காசாக்கினார். இந்தியத் திட்டத்தில் வந்தது ஒரு குடும்பத்துக்கான சிறிய வீடு, அரச திட்டத்தின் மேற்பார்வையில் கட்டப்பட்டது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டார்.

அந்த வரைபடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் உங்கள் கையிலும் அது வரக்கூடும். ஏழு தாள்கள். ஒவ்வொன்றிலும் வலப்பக்க மூலையில் வட்ட முத்திரை. ஏழு முத்திரைகளிலும் ஒரே இடத்தில் ஒரே எழுத்து மங்கியிருக்கிறது. கையால் ஏழு தடவை குத்தினால் அப்படி வராது. முத்திரைக்குக் கீழே மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று ஓடுகிறது, வேறொரு கடதாசியின் விளிம்பு நகலில் விழுந்த அடையாளம். தரைப்படத்தில் வாசலோடு கனத்த மேலங்கிகள் தொங்கவிட ஓர் அறை. நிலத்துக்குக் கீழே சூடாக்கும் இயந்திரத்துக்கு இன்னோர் அறை. கொக்குவில் வெயிலில்! கடைசித் தாளில் கூரை தாங்கவேண்டிய பனிப்பாரம் பற்றிய குறிப்பைக்கூட அழிக்கவில்லை. எங்கோ எடுத்த படத்தில் அளவுகளை அடிக்கு மாற்றி எங்கள் தலையில் கட்டியிருக்கிறார். கிணறு எங்கே, மலசலக் குழி எங்கே என்று ஏழு தாளிலும் தேடிப்பாருங்கள், கிடைக்காது.

விடயம் வெளியே வந்ததும் அந்தக் குழியால்தான். அத்திவாரம் வெட்டும்போது பின்பக்க வேலியோரமாக மலசலக் குழிக்கும் இடம் குறித்தார்கள். வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு அண்ணையின் குடிநீர்க் கிணறு. யாழ்ப்பாணத்தில் ஆறு என்று சொல்ல மழைக்கு ஓடும் வழுக்கை ஆறு ஒன்றுதான். மற்றபடி சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீரைத்தான் குடிக்கிறோம். கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் கழிவு இலகுவாகக் கிணற்றுக்குப் போய்விடும். குழிக்கும் கிணற்றுக்கும் குறைந்தது 50 அடி இருக்கவேண்டும் என்று எங்கள் பெரியவர்களே சொல்வார்கள். இங்கே நான்கு குடும்பங்களின் கழிவு, இடைவெளி அதில் பாதிகூட இல்லை. அண்ணை பிரதேச சபையில் முறையிட்டார். அவர் செய்தது சரி.

தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து படத்தைப் புரட்டினார். முத்திரைக்குள் இருந்த இலக்கத்தைக் குறித்துக்கொண்டு போய்ப் பதிவேட்டில் பார்த்தால், அது வேறொருவரின் காணியில் கட்டிய ஒரு மாடி வீட்டுக்குக் கொடுத்த அனுமதி. வேலையை நிறுத்தச் சொல்லி அறிவித்தல் வந்தது. அந்த மனிதரை அழைத்தேன். "சபைக்குள் ஆள் மாறிவிட்டது அக்கா, புதிய ஆளுக்குத் திட்டம் தெரியாது" என்றார். அதற்குப் பிறகு அவருடைய தொலைபேசி வேலை செய்யவில்லை.

இலங்கையில் அனுமதி என்பது படத்துக்குக் கொடுப்பதல்ல, ஒரு காணியில் ஒருவர் கட்டப்போகும் கட்டடத்துக்குக் கொடுப்பது. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் பிரகடனப்படுத்திய பகுதிகளில் அபிவிருத்தி அனுமதிப்பத்திரம் இல்லாமல் கட்டத் தொடங்க முடியாது. கட்டி முடித்தாலும் இணக்கச் சான்றிதழ் பெறாமல் குடிபுக முடியாது. உறுதி, நில அளவைப் படம், ஒழுங்கையின் அகலம், வீதிக்கோடு, குழியின் இடம், எத்தனை வீடுகள், எத்தனை வாகனங்கள் என்று அந்தக் காணியை வைத்துத்தான் பார்ப்பார்கள். ஒருவருக்கு எழுதிக்கொடுத்த மருந்துச் சிட்டையில் பெயரை வெட்டி இன்னொருவர் பெயரை எழுதினால் வைத்தியம் ஆகுமா? கனடாவிலும் அந்த வடிவமைப்பை எடுத்தவர் தன் நகரசபையில் கட்டட அனுமதி எடுத்தாகவேண்டும். படம் கீறும் செலவும் காலமும் மிச்சப்படும், அவ்வளவுதான்.

நான்கு வீட்டையும் தனித்தனி உறுதியில் விற்கலாம் என்றும் சொன்னார். மாடி வீடுகளைத் தனித்தனியாக உரிமை மாற்ற 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி கூட்டு ஆதனப் படம், அதாவது ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் படம், பதியவேண்டும். அந்தப் பேச்சே அவரிடம் இல்லை. கேட்டபோது, "அது கொழும்புக்காரருக்கு" என்றார்.

காசு வாங்கியதற்கு அவர் தந்தது கையெழுத்துச் சிட்டை ஒன்று; வங்கியில் போட்டது வேறொரு பெண்ணின் கணக்குக்கு. அந்த வங்கிச் சீட்டுத்தான் இப்போது எங்கள் முறைப்பாட்டுக்கு உயிர். ஆகவே யாரிடம் கொடுத்தாலும் வங்கி வழியாகவே கொடுங்கள்.

மானிப்பாயிலும் சாவகச்சேரியிலும் இதே ஏழு தாள்கள் கைமாறியிருப்பதாக இரண்டு மேசன்மார் சொன்னார்கள். மேலங்கி அறை இருந்தால் அதே படம்தான். வைத்திருப்பவர்கள் அடுத்த தவணை கட்டுவதற்கு முன்னர் உறுதியின் பிரதியையும் சோலைவரிப் பற்றுச்சீட்டையும் எடுத்துக்கொண்டு உங்கள் பிரதேச சபைக்கோ மாநகர சபைக்கோ போய், முத்திரைக்குள் இருக்கும் இலக்கம் யாருடைய காணிக்குரியது என்று பதிவேட்டில் பார்க்கச் சொல்லுங்கள். அத்திவாரம் வெட்டத் தொடங்கியிருந்தால் வேலையாட்களை இன்றே நிறுத்துங்கள். முறைப்பாடு கொடுக்கப் போகிறவர்கள் ஏழு தாள்களையும் கிழிக்காமல், மடிக்காமல் கொண்டுபோங்கள். பொலிஸார் எங்களிடம் முதலில் கேட்டது அவற்றைத்தான்.